நிழல் அவங்க மேல விழல

ஓவியங்களைப் பத்திப் பேசும்போதெல்லாம் என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி இருக்கு. "ஒரு படத்துல ஒரு பெண் சும்மா நிக்கிறாங்க. அதைப் பாத்துட்டு நீங்க தனிமைங்கறீங்க, அதிகாரம்ங்கறீங்க, காலனியம்ங்கறீங்க. இதெல்லாம் நிஜமாவே படத்துல இருக்கா, இல்ல நீங்களா அடிச்சு விடுறீங்களா?"

நியாயமான கேள்வி. அடிச்சு விடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. சிவப்புன்னா கோபம், நீலம்னா சோகம், பறவைன்னா சுதந்திரம்னு கையில ஒரு அகராதியை வெச்சுக்கிட்டு எந்தப் படத்தைக் காட்டினாலும் விளக்கம் சொல்லிடுவாங்க. அந்த வழியில போனா எல்லாப் படமும் கடைசியில ஒரே படம் ஆயிடும். எனக்கு ஒரு சின்ன விதி இருக்கு. ஒரு படத்தைப் பத்தி நான் ஒண்ணு சொன்னா, "எங்க இருக்கு, காட்டு"ன்னு கேட்டா விரல் வெச்சுக் காட்ட முடியணும். முடியலன்னா அது என்னோட கற்பனை. கற்பனை தப்பில்ல, ஆனா அதைப் படத்தோட தலையில கட்டக் கூடாது.

இன்னைக்கு அந்த விதியை ஒரே ஒரு படத்து மேல போட்டுப் பாக்கலாம். அம்ரிதா ஷேர்-கில் 1934-ல வரைஞ்ச தன்னுருவப்படம். தலைப்பு, "தாஹிதிப் பெண்ணாக நான்"னு தமிழ்ல வெச்சுக்கலாம். ஆங்கிலத்துல "செல்ஃப் போர்ட்ரெய்ட் அஸ் எ தாஹிதியன்"னு தேடினா கிடைக்கும். போனை எடுத்துத் தேடிக்கோங்க, நான் காத்திருக்கேன். ஆபீஸ்ல இருக்கறவங்க ஸ்கிரீனை மட்டும் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கோங்க. இடுப்புக்கு மேல ஆடை இல்லாத படம்.

வந்துடுச்சா? இப்போ தலைப்பை மறந்துடுங்க. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லுவோம்.

ஒரு இளம் பெண் நிக்கிறாங்க. மாநிறம். முடியை இழுத்துப் பின்னாடி கட்டியிருக்காங்க. இடுப்புல ஒரு வெள்ளைத் துணி. நகை எதுவும் கண்ல படல. உடம்பு நமக்கு முன்னாடி நிக்குது, ஆனா பார்வை நம்ம மேல இல்ல. எங்கேயோ பக்கத்துல போகுது. கைகள் ரெண்டும் அடிவயித்துக்கு முன்னாடி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. வாய் மூடியிருக்கு. பின்னாடிச் சுவர்ல வெளிறின நிறத்துல சில உருவங்கள் மங்கலாத் தெரியுது, ஜப்பானியப் படங்கள் மாதிரி, கிழக்காசிய பாணியில. அதுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு பெரிய நிழல். கரும்பச்சையா, அகலமான தோளோட, ஒரு ஆணோட நிழல்.

அவ்வளவுதான் படம். கடல் இல்ல, தென்னை மரம் இல்ல, காதுல பூ இல்ல. இந்த "இல்ல"வை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இந்தப் படத்தோட மூட் என்னன்னு கேட்டா பெரும்பாலானவங்க உடனே "சோகம்"னு சொல்லுவாங்க. நான் அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஏன்னா முகத்தை மட்டும் பாத்துச் சொல்ற பதில் அது. கையைப் பாருங்க. உடம்பை மறைக்கணும்னு நினைச்சிருந்தா கை மார்புக்குப் போயிருக்கும். பழைய ஐரோப்பிய வீனஸ் சிலைகள்ல அப்படித்தான் போகும், கூச்சப்படற மாதிரி. இங்க அது நடக்கல. சரி, உடம்பைக் காட்டிப் பெருமைப்படணும்னா கை விரிஞ்சிருக்கணும், தலைக்கு மேல போயிருக்கணும். அதுவும் இல்ல. மறைக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. பஸ் வராத ஸ்டாப்ல நிக்கிற மாதிரி ஒரு நிப்பு. உடம்பு இங்க இருக்கு, ஆள் இங்க இல்ல. சோகம்ங்கறதை விட, "விலகி நிக்கிறது"ன்னு சொன்னா எனக்குப் பொருத்தமாத் தெரியுது.

இப்போ ஆள் யாருன்னு பாக்கலாம். அம்ரிதா 1913-ல புடாபெஸ்ட்ல பிறந்தாங்க. அப்பா உம்ராவ் சிங் ஷேர்-கில், பஞ்சாப் சீக்கியப் பிரபுக் குடும்பம். சமஸ்கிருதமும் பாரசீகமும் படிச்சவர், புகைப்படப் பைத்தியம். அம்மா ஹங்கேரிக்காரங்க, ஆப்பரா பாடகி. 1921-ல குடும்பம் சிம்லாவுக்கு வந்துடுச்சு. 1929-ல ஓவியம் படிக்கப் பாரிஸ். அப்போ அம்ரிதாவுக்கு 16 வயசு. அங்க அவங்க சுமாரான மாணவி எல்லாம் இல்ல. 1932-ல வரைஞ்ச "யங் கேர்ள்ஸ்" படத்துக்கு அடுத்த வருஷமே பாரிஸ் சலோன்ல தங்கப் பதக்கம் கிடைச்சுது.

ஆனா பாரிஸ் அவங்களை எப்படிப் பாத்துதுங்கறதுதான் விஷயம். தன்னோட கலை பத்தி அம்ரிதாவே எழுதின ஒரு கட்டுரையில இதைச் சொல்றாங்க. அவங்க பேராசிரியர் ஒருத்தர் அடிக்கடி சொல்லுவாராம்: உன் வண்ணங்களோட செழுமையைப் பாத்தா, மேற்கோட இந்தச் சாம்பல் நிற ஸ்டூடியோக்கள் உனக்கான இடமாத் தெரியல, கிழக்கோட வெளிச்சத்துலதான் நீ மலருவன்னு. அம்ரிதா இதைப் பெருமையாத்தான் எழுதியிருக்காங்க. எனக்கு அதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்துது. நல்லா யோசிச்சுப் பாருங்க, இது பாராட்டா, இல்ல வாசலைக் காட்டறதா? வெளியூர்ல படிக்கவோ வேலைக்கோ போனவங்களுக்கு இந்த மாதிரிப் பாராட்டு புரியும். "உங்க ஊர் வாசனையே தனி" டைப். பாதி ஹங்கேரிக்காரங்களான ஒருத்தருக்கு, ஐரோப்பாவுல பிறந்த ஒருத்தருக்கு, அந்த நகரம் கொடுத்த இடம் "கிழக்கு".

சரி, கிழக்குன்னா எது? இங்கதான் தலைப்பைத் திரும்ப எடுக்கணும். அம்ரிதா தாஹிதிக்குப் போனதே இல்ல. பாரிஸ்ல ஓவியம் படிச்ச யாருக்கும் தாஹிதின்னா ஒரே ஒரு பேர்தான் ஞாபகம் வரும். பால் கோகன். 1891-ல பிரான்ஸை விட்டுட்டு அந்தத் தீவுக்குக் கிளம்பிப் போனவர். மனைவியும் 5 பிள்ளைகளும் டென்மார்க்ல. அங்க போய் அவர் வரைஞ்ச பெண்களாலதான் ஐரோப்பாவுக்குத் தாஹிதி "தெரியும்". அம்ரிதாவுக்குக் கோகனை ரொம்பப் பிடிக்கும், அதை அவங்க ஒளிச்சதில்ல. பின்னாடி இந்தியாவுல வரைஞ்ச படங்கள்லயும் தட்டையான வண்ணப் பரப்புகள்ல அவரோட தடம் தெரியும்.

கோகனோட ஒரு படத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் அம்ரிதாவோட படம் முழுசாத் திறக்கும்னு நான் நினைக்கிறேன். 1892-ல வரைஞ்சது, "மனாவ் துபாபாவ்". இப்போ அமெரிக்காவுல பஃபலோ நகரத்து அருங்காட்சியகத்துல இருக்கு. ஒரு சின்னப் பொண்ணு ஆடை இல்லாம படுக்கையில குப்புறப் படுத்திருக்கா. முகம் நம்ம பக்கம் திரும்பியிருக்கு. கண்ல பயம். பின்னாடி கறுப்பு உடையில ஒரு வயசான உருவம் உக்காந்திருக்கு, அது ஆவி. தலைப்புக்கே ரெண்டு அர்த்தம்னு கோகன் சொல்றார். அவ ஆவியை நினைக்கிறா, இல்ல ஆவி அவளை நினைக்குது.

கோகன் சொல்ற கதை இது. ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு வீட்டுக்கு வர்றார். விளக்கு அணைஞ்சு கிடக்கு. தீக்குச்சியைக் கிழிச்சா, அவ படுக்கையில பயந்து போய்க் கிடக்கா. தாஹிதி மக்களுக்கு இருட்டுல ஆவின்னா பயம், அதனால அந்தப் பயம். குறியீடு ரெடி, விளக்கம் ரெடி.

ஆனா நம்ம விதிப்படி விரலை வெச்சுப் பாருங்க. ஆவி எங்க இருக்கு? அவளுக்குப் பின்னாடி. அவ எங்க பாக்கறா? முன்னாடி. அவ பயந்து பாக்கறது ஆவியை இல்ல, எதிர்ல நிக்கிற ஆளை. எதிர்ல நிக்கிறது யாரு? தீக்குச்சியோட வந்த 40 வயசு தாண்டின மனுஷன். அந்தப் பொண்ணு தேஹாமானா, வயசு 13 இல்ல 14. அவர் அவளைத் தன் மனைவின்னு சொல்லிக்கிட்டார். இந்தப் படம் பத்தி டென்மார்க்ல இருக்கற மனைவிக்கு எழுதின கடிதத்துல, இப்படிப் படுத்திருக்கற உடம்பு கொஞ்சம் தவறினா ஆபாசம் ஆயிடும், அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் காட்டணும்னுதான் ஆவிக்கு வந்தேன்ங்கற மாதிரி அவரே விளக்குறார். அதாவது அந்த ஆவி ஒரு சாக்கு. படத்தோட குறியீடு ஒண்ணு சொல்லுது, படத்தோட உடம்பு வேற ஒண்ணு சொல்லுது. இந்த மாதிரி ரெண்டும் முட்டிக்கும்போது நான் உடம்பைத்தான் நம்புவேன். ஓவியரே நேர்ல வந்து சொன்னாலும் சரி.

இப்போ அம்ரிதாவோட படத்துக்குத் திரும்பி வாங்க. இங்கயும் ஆடை இல்லாத உடம்பு, இங்கயும் பின்னாடி ஒரு இருண்ட உருவம். ஆனா ஆவி இருந்த இடத்துல ஒரு ஆம்பளை. 42 வருஷம் கழிச்சு, தீக்குச்சியோட நின்ன ஆளைப் படத்துக்குள்ள இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கு. அம்ரிதா இந்தக் குறிப்பிட்ட படத்துக்குப் பதில் சொல்லணும்னு உக்காந்து வரைஞ்சாங்கன்னு நான் சொல்லல. அதுக்கு ஆதாரம் கேட்டா என்னால காட்ட முடியாது. ரெண்டையும் பக்கத்துல வெச்சா என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்றேன்.

அந்த நிழல் யாருங்கறதுக்குப் பல பதில் சொல்லலாம். கோகன்னு சொல்லலாம். பெண்களை நிக்க வெச்சு வரைஞ்ச மொத்த ஆண் ஓவியர் கூட்டமும்னு சொல்லலாம். படத்துக்கு முன்னாடி நிக்கிற பார்வையாளன்னு சொல்லலாம், ஏன்னா நிழல் பின்னாடி விழுதுன்னா ஆள் முன்னாடி நிக்கணும், நாம நிக்கிற இடத்துல. இந்த ஒரே படத்தைப் பத்திக் கலை வரலாற்றாளர் சலோனி மாத்தூர் 2011-ல ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்காங்க, அந்த அளவுக்கு இதுல பேச இருக்கு.

எனக்கு "யாரு"ங்கறதை விட "எப்படி விழுது"ங்கறதுதான் சுவாரஸ்யம். ஒரு நிமிஷம் பௌதிகமா யோசிங்க. உங்களுக்கும் சுவருக்கும் நடுவுல ஒருத்தர் நிக்கிறாங்க. உங்களுக்குப் பின்னாடி லைட். உங்க நிழல் எங்க விழும்? முதல்ல அவங்க மேல விழும். மிச்சம்தான் சுவருக்குப் போகும். இந்தப் படத்துல சுவர் இருட்டா இருக்கு. அவங்க உடம்பு வெளிச்சமா இருக்கு. தோள், மார்பு, முகம் எதுலயும் அந்த நிழலோட கோடு குறுக்கப் போகல. நிழல் அவங்களைத் தாண்டிப் போய்ச் சுவர்ல விழுந்திருக்கு, அவங்க மேல விழல.

பாரிஸ்ல அஞ்சு வருஷம் முறையாப் படிச்ச ஒருத்தருக்கு நிழல் எப்படி விழும்னு தெரியாம இருக்காது. அப்போ அது ஒரு முடிவு. அந்த மனுஷன் இருக்கான், பெருசா இருக்கான், அவங்களை விட அகலமா இருக்கான், அவனை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அவனால அவங்களைத் தொட முடியல. நான் முதல்ல "விலகி நிக்கிறது"ன்னு சொன்னேன்ல, அதுக்கு இது இன்னொரு சாட்சி. பார்வை விலகியிருக்கு, கை விலகியிருக்கு, நிழலையும் விலக்கி வெச்சிருக்காங்க. படத்துல மூணு இடத்துல விரல் வைக்க முடியுதுன்னா அதைக் கற்பனைன்னு தள்ளிட முடியாது.

இப்போ அந்த "இல்ல"வுக்கு வரலாம். கடல் இல்ல, மாம்பழம் இல்ல, பூப்போட்ட துணி இல்ல. கோகனோட தாஹிதிப் படங்களை அடுக்கி வெச்சா பூவும் பழமும் கண்ணைப் பறிக்கும். அம்ரிதா வெறும் பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. பின்னாடி இருக்கற உருவங்கள்கூட தாஹிதி இல்ல, ஜப்பான் பக்கம். வான் கோ 1887-ல வரைஞ்ச பெயிண்ட் கடைக்காரர் டாங்கியோட உருவப்படத்துல சுவர் முழுக்க ஜப்பானியப் படங்கள் இருக்கும், பாத்திருப்பீங்க. அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியருக்கு அது ஒரு ஃபேஷன். அப்போ கணக்கு போடுங்க. உடம்பு பாதி பஞ்சாபி, பாதி ஹங்கேரி. தலைப்பு பாலினீசியா. சுவர் ஜப்பான். இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்? பாரிஸ் ஸ்டூடியோவுல இது எல்லாமே "கிழக்கு"ன்னு எழுதின ஒரே டிராயர்ல இருக்குங்கறதுதான் சம்பந்தம். "நீங்க என்னை அந்த டிராயர்லதானே போட்டிருக்கீங்க? சரி, அதுக்குள்ள நின்னு காட்றேன்"ங்கற மாதிரி எனக்குக் கேக்குது. குரல் உசராம, கொஞ்சம் அலுப்போட.

இங்க ஒரு எதிர்வாதம் இருக்கு, அதைத் தாண்டிப் போக நான் விரும்பல. அம்ரிதா பிரபுக் குடும்பம். தன் படத்தைத் தானே வரைய, பேர் வைக்க, பதக்கம் வாங்க அவங்களால முடிஞ்சுது. தேஹாமானாவுக்கு அது எதுவும் கிடைக்கல. அவ கோகனைப் பத்தி என்ன நினைச்சாள்னு சொல்ல அவ கையில தூரிகை இல்ல. அப்படின்னா, அவளோட இடத்துல போய் நின்னு "நானும் தாஹிதி"ன்னு சொல்றது அவளுக்காகப் பேசறதா, இல்ல அவ உடம்பை இன்னொரு தடவை கடன் வாங்கறதா? தாஹிதிக்காரங்க யாராவது இந்தப் படத்து முன்னாடி நின்னு, "இதுல நாங்க எங்க இருக்கோம்?"னு கேட்டா, படத்துல பதில் இல்ல. தலைப்பைத் தவிர அவங்க எங்கேயுமே இல்ல. இந்தக் குறை நிஜம்னுதான் நினைக்கிறேன். ஒரு பெண் தன்னை விடுவிச்சுக்கற படத்துல இன்னொரு பெண்ணோட பேர் ஏணியா ஆகியிருக்கு. ஆனாலும் மூஞ்சியில வேஷம் போடாம, பூ வெச்சுச் சிரிக்காம நின்னாங்க பாருங்க, அந்த அளவுக்கு ஒரு நேர்மை இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் இந்தப் படத்தைப் பிடிச்சிருக்கு எனக்கு.

சிரிக்காமன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பாரிஸ்ல ஆரம்ப வருஷங்கள்ல அம்ரிதா தன்னையே நிறைய வரைஞ்சிருக்காங்க. அதுல சில படங்கள்ல சிவப்பு உதடும், சிரிப்பும், நேருக்கு நேர் பார்வையுமா இருப்பாங்க. அந்த அம்ரிதாவுக்குப் பாக்கறவங்களைப் பிடிக்கும். 1934 அம்ரிதாவுக்கு அந்த ஆசை போயிடுச்சு. நம்ம போன் கேலரியில நாலு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த செல்ஃபியையும் இப்போ எடுத்ததையும் அடுத்தடுத்துப் பாத்தா சில சமயம் திக்குன்னு இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வித்தியாசம்.

அந்த வருஷக் கடைசியிலேயே அவங்க இந்தியாவுக்குக் கிளம்பி வந்துட்டாங்க. 1935-ல "த்ரீ கேர்ள்ஸ்". அதுக்கப்புறம் அஜந்தா, தெற்குப் பயணம், கன்னியாகுமரி, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள். 1937-ல நம்ம பக்கத்து மனுஷங்களை வெச்சு "பிரம்மச்சாரிகள்", "சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்" மாதிரி படங்கள். 1941 டிசம்பர்ல லாகூர்ல இறந்துபோனாங்க. வயசு 28. இதைப் பத்தியெல்லாம் தனியாவே ஒரு எபிசோட் போடலாம், இப்போ வேண்டாம்.

ஒரு உபரித் தகவல். அம்ரிதாவோட தங்கை இந்திராவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர் ஒரு தமிழர், கே.வி.கே. சுந்தரம். இந்தியாவோட ரெண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். அவங்க மகன்தான் ஓவியர் விவான் சுந்தரம், 2023-ல காலமானார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய குடும்பப் புகைப்படங்களைக் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டி "ரீ-டேக் ஆஃப் அம்ரிதா"ன்னு ஒரு தொடர் பண்ணினார். பெரியம்மாவை அப்பாவே படம் எடுத்திருக்கார், அக்கா மகன் இல்லாத தங்கை மகன் அதைக் கலைச்சுப் போட்டுத் திரும்ப அடுக்கறார். அந்த வீட்டுல யார் யாரைப் பாக்கறாங்கங்கறது மூணு தலைமுறைக் கதை.

டெல்லிக்குப் போறவங்க தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போங்க. அம்ரிதாவோட படங்கள் அதிகமா இருக்கற இடம் அது, 'த்ரீ கேர்ள்ஸ்'சும் அங்கதான். மூணு பொண்ணுங்க உக்காந்திருக்காங்க, பின்னாடி எந்தப் பொருளும் இல்ல, எந்த நிழலும் மிரட்டல. போகும்போது முகத்தைக் கடைசியா பாருங்க. முதல்ல அந்தக் கைகளைப் பாருங்க, அப்புறம் யாராவது ஒருத்தியாவது உங்களைப் பாக்கறாளான்னு பாருங்க. என்ன தெரிஞ்சுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.